யார் பாடியது என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கடந்த இரண்டு ஞாயிறு பதிப்புகளில், வாசகர் கடிதப் பகுதியில், தமிழ் வானொலியில் பழைய பாடல்கள் அருகிவிட்டன என்று ஒருவர் வருந்தி எழுதியிருந்தார். புதிய பாடல்கள்தாம் இளையோரைத் தமிழோடு பிணைத்து வைத்திருக்கின்றன என்று மற்றொருவர் அவருக்கு மறுப்பு எழுதியிருந்தார். இருவரும் தத்தம் வயதுக்காக வாதாடியிருக்கிறார்கள்; அதில் தவறு காண எனக்கு விருப்பமில்லை. ஆனால் வானொலி நிலையங்களின் நிகழ்ச்சி அமைப்பு மாறிக்கொண்டே வந்ததில் நாம் உண்மையில் இழந்தது பழைய பாடல்களை அன்று, பாடலுக்கு முன்னும் பின்னும் பாடியவர், எழுதியவர் பெயரைச் சொல்லி வந்த இரண்டு வரிகளை என்பதை இருவருமே தொடவில்லை. அதைப் பற்றி எழுதவே இக்கடிதம்.

என்னைப் பற்றி ஒரு சொல். நான் ஜார்ஜ்டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட 1985ஆம் ஆண்டில், என் தாய்மாமாவின் கடையில் காஜா எடுக்கும் பையனாகச் சேர்ந்தேன்; அவருக்குப் பிறகு கடை என்னிடம் வந்தது. தையல்காரனுக்குக் கண்ணும் கையும் காலும் துணிக்கும் மிஷினுக்கும் எழுதிக் கொடுத்தவை. காது மட்டுமே அவனுக்குச் சொந்தம். ஆகையால் கடை திறந்ததும் சாமி விளக்குக்கு அடுத்தபடியாக எரிவது வானொலிப் பெட்டியின் சிறு விளக்குத்தான். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் இரவு இரண்டு மணி வரைகூடக் கடை நடக்கும். அப்போதெல்லாம் எங்களைத் தூங்க விடாமல் காத்தது வானொலிதான்.

மாமாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களை அவர் பாடல்களுக்கென ஒதுக்கியிருந்தார். அறிவிப்பாளர் பாடலைச் சொல்லும்போது மிஷினை நிறுத்திவிட்டு, படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என நான்கையும் அளவுக் குறிப்பைப் போலவே சுருக்கமாக எழுதிக்கொள்வார். முன்பக்கத்தில் யாரோ ஒருவருடைய தோளும் மார்பும் கைநீளமும் இருக்கும். பின்பக்கத்தில் சுசீலாவும் விஸ்வநாதனும் வாலியும் இருப்பார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அவர் காலத்து நோட்டுகளையும் என் நோட்டுகளையும் சேர்த்து இன்று பதினேழு வைத்திருக்கிறேன். நான் சொல்லப்போகும் குறைக்கு அந்த நோட்டுகளே என் சான்று.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வானொலி மாறுவதை எதிர்ப்பவன் நான் அல்லன். மாறாத வானொலி என்று ஒன்று நம் நாட்டில் இருந்ததே இல்லை. 1934ஆம் ஆண்டிலேயே, பினாங்கு வானொலிச் சங்கத்தினர் இசட்-எச்-ஜே என்ற நிலையத்தை இதே ஜார்ஜ்டவுனிலிருந்து நடத்தினர். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதில் ஒலித்தது. ஒரே நிலையத்தில் நான்கு மொழிகள் முறை வைத்துப் பேசின என்றால், தமிழ் நேயர் தம் முறை வரும்வரை காத்திருந்திருப்பார். போருக்குப் பின் 1946இல் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு ரேடியோ மலாயா வந்தது. 1959 சனவரி முதல் நாள் அது கோலாலம்பூருக்கு மாறியது. 1963இல் மலேசியா உருவானபோது ரேடியோ மலேசியா ஆயிற்று. அரசாங்க வானொலியின் தமிழ்ப் பிரிவைப் பின்னாளில் நாம் 'வானொலி 6' என்று அழைத்தோம். 2005இல் அது 'மின்னல் எஃப்எம்' எனப் பெயர் மாறியது. என் மாமா சாகும்வரை அதை 'ஆறு' என்றுதான் சொன்னார், வேறு பெயரைச் சொன்னால் அலைவரிசை தப்பிவிடும் என்பதைப் போல.

தனியார் துறையின் கதை இன்னும் சுவையானது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட 1994ஆம் ஆண்டில்தான் 'டைம் ஹைவே ரேடியோ' தொடங்கியது. பெயரே சொல்வதுபோல, சாலையில் செல்வோரை மனத்தில் வைத்துப் பிறந்த நிலையம் அது. தமிழுக்கென்று பிறந்தது அன்று. காலப்போக்கில் கைமாறி, மொழி மாறி, மேற்குக் கரையில் தமிழ் பேசும் 'ராகா'வாகவும் கிழக்குக் கரையில் கிளந்தான் மணம் வீசும் மலாய் பேசும் 'கெகார்' ஆகவும் பிரிந்தது. பின்னர் 'டிஎச்ஆர்' என்ற அந்தப் பழைய முன்னெழுத்துகளும் உதிர்ந்துபோயின. கிள்ளான் பள்ளத்தாக்கில் 99.3 என்ற எண்ணைத் திருப்பும் இருபது வயதுப் பிள்ளையிடம், இது ஒரு காலத்தில் நெடுஞ்சாலை நிலையம் என்று சொன்னால் நம்பாது. எனவே, நிலையம் ஒன்று தன் சட்டையை மாற்றிக்கொள்வது புதிதல்ல. சில நேரங்களில் அந்த மாற்றமே தமிழுக்கு இடம் வாங்கித் தந்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, நான் நாள்தோறும் கேட்கும் ஒரு தமிழ் இசை நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். அதன் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. இக்குறை ஒரு நிலையத்தோடு நிற்பதன்று என்பதால் பெயரால் பயனும் இல்லை.

அந்த நிலையம் எனக்குத் தெரிய மூன்று உருவங்கள் எடுத்திருக்கிறது. முதல் உருவத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஓர் அங்கம் இருந்தது. ஓர் அங்கத்தில் ஒரே கவிஞரின் பாடல்கள் வரும். இன்னொன்றில் மழையைப் பற்றிய பாடல்கள் மட்டும் வரும். மற்றொன்றில் நேயர்கள் அஞ்சலட்டையில் எழுதிக் கேட்ட பாடல்கள் வரும். எந்த அங்கமானாலும் பாடலைச் சொல்லாமல் ஒலிபரப்பியதில்லை. இரண்டாம் உருவத்தில் தொலைபேசி வந்தது. பிறந்தநாள் வாழ்த்து, திருமணநாள் வாழ்த்து, 'எங்க வீட்டுல எல்லாருக்கும் இந்தப் பாட்ட போடுங்க' என்ற கோரிக்கை என்று நிலையம் கலகலப்பாயிற்று. பாட்டைவிடப் பேச்சு மிகுந்துவிட்டது என்று அப்போது நான் முணுமுணுத்தது உண்மை; ஆனால் பாட்டைக் கேட்கும் நேயரே அது எந்தப் படம் என்று சொல்லிவிடுவார், அவர் தவறாகச் சொன்னால் அறிவிப்பாளர் நயமாகத் திருத்துவார். அந்தத் திருத்தங்களே என் நோட்டில் நிறைய இருக்கின்றன.

மூன்றாம் உருவம்தான் இப்போது இருப்பது. காலையில் இருவரோ மூவரோ சேர்ந்து சிரித்துப் பேசும் நிகழ்ச்சி; அதன்பின் மாலை வரை, இடைவிடாத பாடல்கள் என்று அவர்களே பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஒரு நீண்ட ஓட்டம். ஒரு பாடல் முடியுமுன் அடுத்த பாடல் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. முன்னிசை ஒலிக்கும்போது நிலையத்தின் பெயரும் முழக்க வரியும் குறுக்கே வருகின்றன. கடைசிச் சரணத்துக்குப் பின் இசையமைப்பாளர் பல்லவியை எப்படி முடித்து வைத்தார் என்பது நமக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அங்கே விளம்பரம் தொடங்கிவிடும். பிற்பகல்களில் பேசும் குரல் அப்போது அங்கே அமர்ந்து பேசுவதன்று, முன்பே பதிவு செய்து செருகப்பட்டது என்பது கேட்கப் பழகிய காதுக்குத் தெரியும். ஒரு நாள் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு மழைநீர் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், 'வெயில் கொளுத்துது இல்லையா, ஒரு சில்லென்ற பாட்டு' என்றது அந்தக் குரல். கடையில் இருந்த அனைவரும் சிரித்தோம். கோலாலம்பூரில் அப்போது வெயில் அடித்திருக்கலாம் என்று என் உதவியாளர் அவர்களுக்காகப் பரிந்து பேசினார்.

இந்த மூன்றாம் உருவம் யாரோ ஒருவருடைய சோம்பலால் வந்ததென்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. வணிக வானொலி வாழ்வது விளம்பரத்தால். விளம்பரம் வருவது நேயர் எண்ணிக்கையால். ஒருவர் எந்த நிலையத்தை எப்போது கேட்டார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லிக் கணக்கெடுக்கும் முறை நம் நாட்டிலும் உண்டு. உலகெங்கும் இத்தகைய கணக்கெடுப்பில் கால் மணி நேரம்தான் வழக்கமான அலகு. நேயரை ஒரு கால் மணியிலிருந்து அடுத்த கால் மணிக்குள் கொஞ்ச நேரமாவது இழுத்துச் சென்றுவிட்டால் இரண்டு கால் மணிகளும் கணக்கில் ஏறும். ஆகவே எந்த நிமிடத்தில் விளம்பரம் வர வேண்டும், எந்த நிமிடத்தில் எல்லாருக்கும் தெரிந்த பாடல் வர வேண்டும் என்பதை வட்டக் கடிகாரம் போல வரைந்து வைத்திருப்பார்கள். பேச்சு வந்தால் நேயர் அலைவரிசையைத் திருப்பிவிடுவார் என்ற அச்சத்தில் பேச்சை நறுக்குகிறார்கள். நறுக்கும்போது முதலில் வெட்டுப்படுவது, யாருக்கும் விளம்பரமாகாத அந்த இரண்டு வரிகள்.

ஒரே பாடல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கும் ஒரு கதை சொல்வார்கள். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒமாகா நகரில் வானொலி நிலையம் நடத்திய டாட் ஸ்டோர்ஸ் என்பவர், ஓர் உணவகத்தில் காசு போட்டால் பாடும் இசைப்பெட்டியைக் கவனித்தாராம். வாடிக்கையாளர்கள் நாள் முழுவதும் சில பாடல்களையே மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அவற்றைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்க வேண்டிய பணிப்பெண்ணும், கடை சாத்தும் நேரத்தில் தன் காசைப் போட்டு அதே பாடலைத்தான் கேட்டாராம். அந்தக் கதை எவ்வளவு மெய்யோ, குறைந்த பாடல்களை நிறையத் தடவை ஒலிபரப்பும் முறை அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. பின்னர் 1979இல் தொடங்கிய ஒரு நிறுவனம் 'செலெக்டர்' என்ற கணினி நிரலைக் கொண்டுவந்தது. எந்தப் பாடலுக்குப் பின் எந்தப் பாடல், எத்தனை மணி நேர இடைவெளி என்பதையெல்லாம் அந்த நிரலும் அதன் வழிவந்தவையும் அடுக்கித் தருகின்றன. அறிவிப்பாளர் தம் கையால் இசைத்தட்டைத் தேடி எடுத்த காலத்தில், எடுக்கும்போதே அட்டையைப் படித்தார், படித்ததைச் சொன்னார். இன்று பாடல் அவர் கைபடாமலே வருகிறது.

இதையெல்லாம் நான் வெறுப்பாகச் சொல்லவில்லை. நானும் கடை நடத்துகிறேன். ஆயத்த ஆடை வந்தபின் அளவெடுத்துத் தைப்பவன் என்ன செய்தானோ, அதையே வானொலியும் செய்கிறது; பிழைக்க வழி பார்க்கிறது. என் உதவியாளருக்கு வயது இருபத்து நான்கு. இடைவிடாத பாடல்கள் இருந்தால்தான் கை வேகமாக ஓடுகிறது என்கிறார், ஓடுவதை நானும் பார்க்கிறேன். புதிய பாடல்கள் வரட்டும், நூறு முறை வரட்டும். அவற்றைப் பாடியவர் யார் என்று சொல்லிவிட்டு வரட்டும்.

இதற்கு இவ்வளவு வற்புறுத்தல் வேண்டுமா என்று கேட்பவர்கள் வானொலியின் பழைய வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். 1949இல் வந்த ஓர் இந்திப் படத்தின் பாடல் இசைத்தட்டில், பாடியவர் பெயருக்குப் பதிலாகப் படத்தில் வரும் பாத்திரத்தின் பெயரே அச்சாகியிருந்தது. அக்காலத்தில் அப்படித்தான் வழக்கம். பாடலைக் கேட்ட மக்கள் இது யார் குரல் என்று வானொலியைக் கேட்டுத் துளைக்கவே, நிலையம் இசைத்தட்டு நிறுவனத்திடம் விசாரித்து, பாடியவர் லதா மங்கேஷ்கர் என்று ஒலிபரப்பில் சொன்னது. திரைக்குப் பின்னால் நின்ற பாடகருக்குப் பெயரும் முகமும் கிடைத்ததில் வானொலியின் அந்த ஒரு வரிக்குப் பங்கு உண்டு.

அதே இந்தியாவில், 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இரசனையைக் கெடுக்கின்றன என்று எண்ணி, அனைத்திந்திய வானொலியில் அவற்றைக் குறைத்தார். கூடவே, படத்தின் பெயரைச் சொல்வது இலவச விளம்பரம் ஆகிவிடும் என்று அதையும் நிறுத்தினார்கள். படத் தயாரிப்பாளர்கள் சினந்து, பாடல்களை ஒலிபரப்பும் அனுமதியையே விலக்கிக்கொண்டார்கள். பெயர் சொல்வதா வேண்டாமா என்பதற்காக ஒரு நாட்டின் வானொலியில் திரையிசையே அடங்கிப்போன காலம் அது. நேயர்கள் என்ன செய்தார்கள்? இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957 அக்டோபரில் திரையிசைக்கு இடம் தந்த 'விவித் பாரதி' என்ற சேவையைத் தொடங்கித்தான் அனைத்திந்திய வானொலி அவர்களை மீண்டும் அழைக்க வேண்டியிருந்தது. நிகழ்ச்சி அமைப்பை மாற்றுகிறவர்கள் இதை மேசைக் கண்ணாடியின் கீழ் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இலங்கையின் வர்த்தக ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறை தமிழ்நாட்டுக் கடற்கரையோரங்களில் இன்னும் இருக்கிறது. மயில்வாகனம், அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் பெயரை அவர்கள் இன்றும் சொந்தக்காரர் பெயரைச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' பிறகு தொலைக்காட்சிக்கும் போனது. பாடலின் பிறப்பு விவரங்களைத் திருத்தமான தமிழில், தவறின்றி, அளவோடு சொல்வதே அவர்கள் கற்றுக்கொடுத்த மரபு. வணிக ஒலிபரப்புத்தானே அதுவும். விளம்பரமும் பெற்றது, விவரமும் சொன்னது.

சொல்லாமல் விடுவதால் என்ன குறைந்துவிடும் என்பதை என் கடையிலேயே காண்கிறேன். நல்ல வரி ஒன்று காதில் விழுந்தால் 'கண்ணதாசன் கண்ணதாசன்தான்' என்று தலையாட்டுவது நம்மவர் வழக்கம். அவற்றில் பல வாலி எழுதியவை. முன்பு அப்படிச் சொன்னவரை அடுத்த கணமே அறிவிப்பாளர் திருத்திவிடுவார். இன்று திருத்த ஆளில்லை. பழைய பெரியவர்களுக்காவது புகழ் ஏற்கெனவே இருக்கிறது. 2016இல் மறைந்த நா. முத்துக்குமார் எழுதிய எத்தனையோ பாடல்களை என் உதவியாளர் மனப்பாடமாகப் பாடுகிறார். எழுதியவர் யார் என்று கேட்டால், திரையில் வாயசைத்த நடிகரின் பெயரைச் சொல்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் சொல்ல வேறு இடங்களும் இருந்தன. லிட்டில் இந்தியாவில் பாசார் தெருவையும் பினாங்குத் தெருவையும் ஒட்டிய கடைகளில் ஒலிநாடா வாங்கினால், அதனுள் மடித்து வைத்த அட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கும் எல்லாப் பெயர்களும் பொடி எழுத்தில் இருக்கும். வானொலி சொல்லத் தவறியதை அட்டை சொல்லும். ஒலிநாடா போய், குறுந்தட்டும் போய், அந்த அட்டையும் போய்விட்டது. இப்போது வானொலியும் வாய் மூடிக்கொண்டால் அந்தப் பெயர்கள் எங்கே இருக்கும்?

கைப்பேசியில் செயலி இருக்கிறதே, இரண்டு நொடி கேட்டால் பாடலின் பெயரைச் சொல்லிவிடுமே என்று என் மகள் கேட்கிறாள். சொல்லும், அந்த இரண்டு நொடியில் நான் ஊசிக்கடியிலிருந்து கையை எடுத்துத் தொலைபேசியைத் தேட வேண்டும், அதற்குள் பாடல் மாறிவிடும். பாடல், பாடகர், தொகுப்பு என்பதோடு அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எழுதியவர் பெயர் எப்போதாவதுதான் வருகிறது. காரில் ஓடும் எழுத்துத் திரை இருக்கிறது என்பார்கள். அந்த முறையில் ஒரு செய்திக்கு 64 எழுத்துகள்தாம் கொள்ளும், அதிலும் நான் பார்த்தவரை நிலையத்தின் முழக்க வரிதான் ஓடுகிறது. சமையற்கட்டில் கையில் மாவோடு நிற்பவருக்கும், லாரி ஓட்டுபவருக்கும், கண் மங்கிய முதியவருக்கும் எந்தத் திரையும் பயன்படாது. காதால் கேட்பவருக்குக் காதின் வழியேதான் சொல்ல வேண்டும்.

நம் நாட்டுக் கலைஞர்களை நினைத்தால் இக்குறை இன்னும் கனக்கிறது. அம்பாங்கில் பிறந்த வாசுதேவன், சென்னை சென்று பெயர் பெற்றபோது ஊரையும் சேர்த்தே 'மலேசியா வாசுதேவன்' ஆனார்; அறிவிப்பாளர் அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நம் நாட்டின் பெயரையும் சொல்ல வேண்டியிருந்தது. 2006இல் யோகி பி-யும் நட்சத்ராவும் தமிழ் ராப் இசையோடு வந்தபோது, இது எந்த ஊர்ப் பையன்கள் என்று தமிழ்நாடே கேட்டது. இன்று உள்ளூர்ப் பாடல்களுக்கு நிலையங்கள் இடம் தருவதே இல்லை என்று சொல்ல மாட்டேன்; தருகின்றன. ஆனால் பெயர் சொல்லாத ஓட்டத்துக்குள் அப்பாடல் போய் விழும்போது, கேட்பவர் அதையும் சென்னையிலிருந்து வந்த ஏதோ ஒரு படப்பாடல் என்றே எடுத்துக்கொள்கிறார்.

சில மாதங்களுக்கு முன் பிறையிலிருந்து ஓர் இளைஞர், தம் அம்மாவோடு என் கடைக்கு வந்தார். அக்காவின் திருமணத்துக்கு ஜிப்பா தைக்க வேண்டும். அளவெடுத்துக்கொண்டிருந்தபோது வானொலியில் ஒரு பாடல் தொடங்கியது. அவர் அசையாமல் நின்றுவிட்டார். மூச்சை விடுங்கள், மார்பளவு தப்பிவிடும் என்றேன். அவர் அம்மாதான் சொன்னார்: 'இது இவன் பாட்டு ஐயா. இவனே எழுதி, இவனே பாடினது.' நான் ஒலியைக் கூட்டினேன். நான்கு பேரும் நின்று கேட்டோம். நல்ல பாட்டு; இரண்டாவது சரணத்தில் தாளம் தயங்குகிறது என்று எனக்குத் தோன்றியதை அவரிடம் சொல்லவில்லை. முடியும் தறுவாயில் அந்த அம்மா கையைக் காட்டி எங்கள் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். பெயர் வரும் என்று காத்திருந்தார். பாடல் முடியவில்லை, அடுத்த பாடல் அதன்மேல் வந்து அமர்ந்துகொண்டது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் வானொலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 'சொல்லல போல' என்றார்.

பாடல் ஒலிபரப்பானதற்கான உரிமைத்தொகை அவருக்குப் போய்ச் சேரலாம். அதைத் திரட்டுவதற்கு 1989இலிருந்தே எம்ஏசிபி போன்ற அமைப்பு நம் நாட்டில் இருக்கிறது, அதற்கு முறையாகப் பதிந்திருக்க வேண்டும், அவ்வளவே. நிலையங்கள் ஒலிபரப்பிய பாடல்களின் விவரத்தைக் கணினியில் வைத்திருக்கின்றன என்பதும் இதனால் தெளிவாகிறது. கணக்கு எழுத அந்தப் பெயர்கள் தேவைப்படுகின்றன என்றால், காதில் சொல்ல மட்டும் ஏன் தேவையில்லை?

நேரம் இல்லை என்ற விடை வரும். கடையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நானே சொல்லிப் பார்த்தேன். படம், பாடியவர், எழுதியவர், இசை என நான்கையும் அவசரமின்றிச் சொல்ல எட்டு நொடி போதும். மணிக்குப் பன்னிரண்டு பாடல் என்று வைத்தால் தொண்ணூற்றாறு நொடி. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நிலையத்தின் முழக்க வரியை மணிக்கு எத்தனை முறை சொல்கிறார்கள் என்று ஒரு நாள் எண்ணத் தொடங்கி, பதினைந்துக்கு மேல் எண்ண அலுத்து விட்டுவிட்டேன். அவற்றில் பாதியை விட்டாலே இடம் கிடைத்துவிடும். ஒவ்வொரு பாடலுக்கும் முடியாதென்றால் மூன்று பாடல் முடிந்தபின் சேர்த்துச் சொல்லட்டும். பதிவு செய்த குரலே சொன்னாலும் குறையில்லை. வெயிலைப் பற்றித்தான் அது தவறாகச் சொல்லும், வாலியைப் பற்றிச் சரியாகவே சொல்லலாம். உள்ளூர்ப் பாடலுக்கு மட்டுமாவது ஊர்ப் பெயரோடு சொல்வது கட்டாயம் என்று நிலையங்கள் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொள்ளலாம். அன்றன்று ஒலிபரப்பிய பாடல்களின் பட்டியலை, எழுதியவர் பெயர் உட்பட, முகநூலிலோ புலனத்திலோ வெளியிடுவதும் கடினமான காரியமன்று. ஆனால் அது சொல்வதற்கு மாற்றாகிவிடக் கூடாது.

தங்கள் இதழ் இதில் உதவ முடியும். தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலுக்கும் இராசி பலனுக்கும் இடம் இருக்கும் பக்கத்தில், வாரம் ஒரு முறை, வானொலியில் அடிக்கடி ஒலிக்கும் பத்துப் பாடல்களை எழுதியவர் பெயரோடு வெளியிடலாம். நிலையங்கள் விவரம் தர மறுத்தால், என் நோட்டுகளைத் தர நான் அணியமாக இருக்கிறேன், மாமாவின் கையெழுத்தைப் படிக்கப் பொறுமை உள்ளவர் தங்கள் அலுவலகத்தில் இருந்தால்.

என் பதினேழாவது நோட்டின் கடைசிப் பக்கங்களில் இப்போது படப் பெயரும் இல்லை, பாடியவரும் இல்லை; நாளும் நேரமும் காதில் விழுந்த முதல் இரண்டு சொற்களும், அவற்றின் பக்கத்தில் கேள்விக்குறியும்தான் இருக்கின்றன. சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணியளவில் ஒரு பாடல் வந்தது. புல்லாங்குழலில் தொடங்கி, நெடுநேரம் தாளமே இல்லாமல் ஒரு பெண்குரல் தனியாக வரும். தவில் சேரும் இடத்தில் விளம்பரம் குறுக்கிட்டுவிட்டது. முதல் சொல் 'ஆத்தங்கரை' என்றோ 'ஆத்தோரம்' என்றோ கேட்டது. தங்கள் வாசகர்களில் யாருக்கேனும் அது என்ன பாடல், யார் எழுதியது என்று தெரிந்தால், இதே பகுதியில் இரண்டு வரி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தையல் கடைக்கார வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.